கரடிக்கு மூணு பேட்டரி

"அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுங்க! குழந்தை விளையாடுற பொம்மையைப் போய் யாராவது தூக்கிட்டுப் போவாங்களா?"

கையில் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு குட்டியின் அம்மா கொதித்தாள்.

மூன்று வயதுக் குட்டி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொட்டடிக்கும் கரடி எதிரில் நின்று டமடமவென்று அடித்தால்தான் அந்த வாய் திறக்கும். நேற்றே கரடி முக்கி முனகி அடங்கிவிட்டது. இன்று கரடியையே காணோம்.

"யாரு கண்ணு எடுத்தா?"

"மேல் தாத்தா." குட்டி விரலைக் கூரைப் பக்கம் நீட்டியது.

மேல்வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கரடி அடிக்க ஆரம்பித்தால் போதும், மேலே தரையில் தடியால் 'டொக் டொக்'கென்று தட்டல் கேட்கும்.

"மூணு மாசமா தட்டிப் பார்த்தாரு, நாம நிறுத்தலை. இப்ப கரடியையே கடத்திட்டாரு," என்று சிரித்தான் கணவன்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? நேத்திலேர்ந்து பிள்ளை வயிறு காயுது!"

குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். 'கடவுளே, வயசானவர். என் வாயில தப்பு வார்த்தை வராம நீதான் பார்த்துக்கணும்' என்று படிக்குப் படி வேண்டிக்கொண்டாள். கதவு திறந்ததும் வேண்டுதல் பறந்துவிட்டது.

"ஐயா, இது உங்களுக்கே நல்லா இருக்கா? கரடி அடிக்காம பிள்ளை ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குது!"

"உள்ளே வாம்மா. நானே வர்றதா இருந்தேன்."

மேஜையில் கரடி முதுகைத் திறந்துகொண்டு குப்புறக் கிடந்தது. பக்கத்தில் கையுறை, வினிகரில் நனைத்த பஞ்சு. ஒரு பழைய டப்பாவில் மூன்று பேட்டரிகள். இரண்டின் முனையில் உப்புப் பூத்தது போல் வெள்ளைப் பொடி.

"போன மாசம் ஒண்ணு மட்டும் புதுசு போட்டியா?"

"மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்னு..."

"பழசையும் புதுசையும் கலந்தா இப்படித்தான் கசியும். அது கையில பட்டா புண்ணாக்கிடும். காலையில நீ மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தே. குட்டி படியில உட்கார்ந்து கரடி முதுகைத் தடவிக்கிட்டு இருந்துச்சு. விரல் வாய்க்குப் போறதுக்குள்ள பிடுங்கி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கீழே கொண்டுபோய் விட்டேன். உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே! போன்ல பேசிக்கிட்டே தலையாட்டினாரு."

குட்டியின் கையில் காலையிலிருந்து வீசிய சோப்பு வாசனை இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கீழே தலையாட்டியவருக்கு இன்று இருக்கிறது!

அவர் ஒரே மாதிரியான மூன்று புதுப் பேட்டரிகளைத் திசை பார்த்துப் போட்டு, மூடியின் திருகாணியை இறுக்கினார்.

"இனிமே மூணையும் சேர்த்து மாத்தணும். பழசைக் குழந்தை கைக்கு எட்டுற இடத்துல வைக்காதே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுடுங்க ஐயா. நீங்க தட்டியும் நாங்க நிறுத்தாம இருந்தோம். இனிமே சத்தமே வராம பார்த்துக்கிறேன்."

"ஐயையோ! அப்படி மட்டும் பண்ணிடாதே தாயி!"

பதறிப்போய் அவர் பொத்தானை அழுத்தினார். டமடமடம! குட்டி கைகொட்டிச் சிரித்தது.

உள்ளறையிலிருந்து 'டொக் டொக்'கென்று தடிச் சத்தம் வந்தது.

அவர் திரையை விலக்கினார். நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்தபடி அவர் மனைவி. ஒரு கை அசைவில்லாமல் மடியில் கிடந்தது. மறு கையிலிருந்த தடி, கரடியின் அடிக்குச் சரியாகத் தரையில் தாளம் போட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"தட்டுறது நான் இல்லம்மா, இவதான்," என்று வாட்ச்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "குட்டியோட சாப்பாட்டுக் கிண்ணத்தை இங்கேயே கொண்டு வா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஊட்டிடலாம். கரடி அடிக்காம நேத்திலேர்ந்து இவளும் வாயைத் திறக்கலை!"