இட்லிப் பானையின் காது

ஒரு வீட்டில் சமையலறையைப் புதிதாக்கினார்கள். புது அலமாரிக்குள் வைத்த பெரிய இட்லிப் பானையின் காது இடித்ததால் கதவைச் சாத்த முடியவில்லை.

"அடியே பானை, காதை மடக்கு. இல்லேன்னா பரணுக்குப் போ!" என்றது கதவு.

பானைக்குப் பரண் என்றாலே நடுக்கம். ஏறினால் தீபாவளிக்குத்தான் இறக்குவார்கள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"காதை மடக்கினா என்னை எதைப் பிடிச்சுத் தூக்குவாங்க? அளவெடுத்தவங்க என்னை அளக்காதது என் குத்தமா? நகர மாட்டேன், போடி!"

சாமி கும்பிட்டுவிட்டு வந்த வீட்டுக்காரி அமிர்தம், கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்துவிட்டு அலமாரி செய்த ஆசாரியைக் கூப்பிட்டாள்.

"சின்னப் பானையா வாங்கிக்கங்கம்மா," என்றார் அவர்.

"பிள்ளைங்க எல்லாரும் சாப்பிடணுமே அண்ணே. கதவைக் கழற்றிடுங்க."

கதவு சுவரோரம் சாய்ந்தது. பானை அடுப்பில் ஏறி, கதவின் முகத்துக்கு நேராகப் புஸ்ஸென்று ஆவி விட்டது.