அரசி அங்கியின் லைனிங்

“அந்த லைனிங்ல கத்தரி பட்டுச்சுன்னா, அங்கியையே கொளுத்திட்டுப் போயிடுவேன்” என்றாள் சின்னவள். சொன்ன கையோடு கைப்பையை மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

காப்பாளர் முதல் வேலையாக அந்தப் பையை எடுத்துத் தரையில் வைத்தார். பழைய உடைகளைச் சீராக்கி அருங்காட்சியகத்துக்குத் தருவது அந்த அம்மையாரின் தொழில். மை சிந்திவிடும் என்று ஒரு பேனாவைக்கூட அவர் அந்த மேசைக்குப் பக்கத்தில் விடுவதில்லை.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் மல்லாந்து கிடந்தது மணிகள் கோத்த அரசி அங்கி. அக்கா தங்கை இருவரின் அம்மா நாடக மேடையில் அரசியாக நின்று கைதட்டல் வாங்கியது அதில்தான். அம்மா போனபின் இரண்டு பெண்களும் சேர்ந்து அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

பெரியவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளை வயிற்றில் சுமந்துகொண்டே அம்மா மேடையேறியது இந்த அங்கியில்தானாம். வயிறு பெருக்கப் பெருக்கத் தையல்காரர் பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்கிக் கொடுத்தாராம். பிறகு அம்மாவே தன் கையால் உள்ளே லைனிங் போட்டு மூடிவிட்டார்.

அந்த லைனிங்கைப் பிரித்து, உள்பக்கம் தெரியும்படி கண்ணாடிப் பெட்டியில் வைப்பதென்று அருங்காட்சியகம் முடிவு செய்திருந்தது. திறப்பு விழாவில் பேசப்போவது பெரியவள். மூடினது மூடினபடி இருக்கும் என்று நம்பித்தான் கொடுக்கச் சம்மதித்தேன், இப்போது ஏமாற்றுகிறீர்கள் என்று சின்னவள் வந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

“பொறாமை மேடம், வேற ஒண்ணுமில்ல” என்றாள் பெரியவள். “இது பொறக்கறதுக்குள்ள அம்மா நடிப்பையே விட்டுட்டாங்க. இது பேரைச் சொல்லி ஒரு கைக்குட்டைகூடக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகாது.”

“நீயே போய் அந்தப் பெட்டிக்குள்ள உட்காந்துக்கோ. உனக்கு எடம் இருக்கும், உன் வாய்க்குத்தான் பத்தாது.”

காப்பாளர் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நுனி வளைந்த சிறு கத்தரியால் ஒரு தையலை அறுத்தார். அறுந்த நூலை இடுக்கியால் எடுத்து ஓர் உறையில் போட்டார். பிறகு அடுத்த தையல்.

சின்னவள் விடவில்லை. விளக்குச் சூட்டில் பட்டு பொசுங்கிவிடும் என்றாள். அது சூடே இல்லாத விளக்கு. பெரியவள் நாடகத்தின் பெயரைச் சொன்னால் அது இல்லை என்றாள், வருஷத்தைச் சொன்னால் அதுவும் தப்பு என்றாள். அக்கா வாயைத் திறப்பதும் தங்கை மறுப்பதுமாகத்தான் காலை முழுவதும் போயிற்று.

லைனிங் விலகியது. பக்கத் தையல்கள் பெரியவள் சொன்னபடியே பிரித்து அகலமாக்கப்பட்டிருந்தன. அக்குளும் முதுகும் வியர்வையில் பழுப்பேறிக் கிடந்தன. வயிற்றுப் பக்கம் மட்டும் பட்டு நேற்று கடையில் வாங்கியதுபோல் மின்னியது. அந்த இடத்தைச் சுற்றி, நாடாவில் செய்த நான்கு வளையங்கள் தைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பஞ்சு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பெரியவள் எழுந்துவந்து குனிந்து பார்த்தாள். “பாத்தீங்களா மேடம்? மேல இருக்கிற மணியெல்லாம் வயித்துல இருக்கிற என்னைக் குத்திடக் கூடாதுன்னு பஞ்சு வச்சுக் கட்டியிருக்காங்க.”

இதற்கும் ஒரு மறுப்பு வரும் என்று காப்பாளர் சின்னவளின் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா, மகாராணி அப்பவே பஞ்சு மெத்தையிலதான் படுத்திருந்திருக்கா” என்றாள் சின்னவள். “பாத்தாச்சுல்ல? கிளம்பு.”

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழாவுக்கு நீ வராமல் இருந்தால் அதுவே எனக்குச் செய்கிற பெரிய மரியாதை என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். செருப்புச் சத்தம் ஓயும்வரை சின்னவள் கதவருகிலேயே நின்றாள். பிறகு திரும்பிவந்து, அந்த நான்கு வளையங்களையும் வெட்டி எறிந்துவிடச் சொன்னாள்.

காப்பாளருக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த உடையில் இருக்கும் ஒரு பொட்டு நூலை எறியவும் தமக்கு உரிமை கிடையாது, கண்டதைக் கண்டபடி அருங்காட்சியகத்தில் சொல்லியாக வேண்டும் என்றார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

“வயித்துல ஒரு சொட்டு வேர்வை படலை. இதுல தலையணையைக் கட்டிக்கிட்டு ஊரை ஏமாத்தியிருக்காங்க உங்க அம்மா. அது உங்களுக்கு முன்னாடியே தெரியும். வெளிய வந்தா அவங்க பேரு கெட்டுடும்னு என்னைத் திருட்டுத்தனம் பண்ணச் சொல்றீங்க.”

சின்னவள் அக்கா விட்டுப்போன நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“அம்மா பேரு போனாப் போகட்டும் மேடம். அவங்க தன்னைப் பெத்தவங்க இல்லைன்னு அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”