முழங்கால் வரை கறுப்பு

"புருஷன் செத்து முழுசா மூணு மாசம் ஆகலை. இவளுக்கு ஓட்டப் பந்தயம் கேக்குதா?"

வுசுமுசி இதைத் தம்பி பெகியின் மனைவி தோபெகிலேயிடம் கேட்கவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய எடன்டேல் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்துக் கேட்டான்.

தோபெகிலே பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வரை கறுப்பு அங்கி, தலையில் கறுப்புத் துணி. ஒரு வருஷத்துக்கு அதுதான் உடுப்பு. கூட்டத்தில் கலக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, பொழுது சாய்ந்தால் வெளியே நிற்கக் கூடாது.

ஆனால் ஜூன் மாதப் பந்தயத்துக்கு அவள் பெயர் கொடுத்திருந்தாள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை தொண்ணூறு கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். அதற்கு ஒரு விநாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. நான்கு வருஷமாக ஓடுகிறாள். போன வருஷம் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும்போது வெடித்துவிட்டது.

"பெகிதான் போயிட்டாரு, அண்ணா. நான் போகலை" என்றாள்.

எல்லோரும் மாமியார் மாசோண்டியைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

மாசோண்டி மருமகளை 'மகோட்டி' என்றுதான் கூப்பிடுவாள். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள். குரலில்தான் ஈரமே இல்லை.

"மகோட்டி, கறுப்பைக் கழட்டிட்டு ஓடினா, இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம்."

"கழட்டாமலே ஓடறேன்."

சொன்னபடி செய்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது. அங்கி காலைச் சுற்றிக்கொள்ளும். வியர்வையில் ஊறி ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். தொடை இரண்டும் உராய்ந்து புண்ணாகிவிட்டது.

டாக்ஸி நிறுத்தத்தில் ஓட்டுநர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஒருநாள் ஒருவன் வண்டியிலிருந்து தலையை நீட்டினான்.

"என்னம்மா இந்த ஓட்டம்? செத்தவரு பின்னாடியே போறீங்களா?"

"அவரு பின்னாடி போறதா இருந்தா நிதானமாப் போவேன்டா."

நிற்காமல் போய்விட்டாள்.

மே மாதம் ஒரு சரிவில் இறங்கும்போது அங்கி தடுக்கிக் குப்புற விழுந்தாள். இரண்டு முழங்காலும் தோலுரிந்து ரத்தம். நொண்டிக்கொண்டு வந்தவளை மாசோண்டி மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வுசுமுசி வந்து தங்கினான். அம்மாவும் மகனும் சமையலறையில் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தோபெகிலே காதில் வாங்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

விடிவதற்கு முன்பே எழுந்து கொடியிலிருந்த அங்கியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முழங்காலுக்குக் கீழே அங்கியே இல்லை. கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டியிருந்தது. ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கியது.

அவளிடம் இருந்தது அந்த ஒரே அங்கிதான். அதை உடுத்திக்கொண்டு போனால் ஊர் காறித் துப்பும். வேறு நிறத்தில் போனால் வீட்டுக் கதவு அடைபடும். போகாமல் இருப்பதுதான் மிச்சம். அதற்குத்தான் யாரோ யோசித்து யோசித்து வெட்டியிருக்கிறார்கள்.

அழுகை வரவில்லை.

அதையே உடுத்திக்கொண்டாள். நெஞ்சில் எண் அட்டையைக் குத்தினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டாள்.

அன்று முழுவதும் அவளை ஓட வைத்தது அந்தக் கோபம்தான். வழியில் நின்றவர்கள் உப்புப் போட்ட உருளைக்கிழங்கை நீட்டினார்கள். ஐம்பதாவது கிலோமீட்டரில் அதையும் வாந்தி எடுத்தாள். எழுபதில், முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகும் வண்டி பக்கத்தில் ஊர்ந்து வந்தது. ஏறிக்கொள்ளச் சொன்னவனைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கால் மட்டும் ஒரு தடவைகூட எதிலும் சிக்கவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

அவள் எல்லைக்கோட்டைத் தாண்டி நான்கு நிமிஷம் கழித்துத்தான் துப்பாக்கி வெடித்தது.

ஓட்டக்காரர்கள் கிளப்பின் வண்டி அவளை வீட்டில் இறக்கிவிட்டபோது இருட்டிவிட்டது. வுசுமுசி வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நாடே டி.வி.ல பாத்துச்சு. துக்கத் துணியை முட்டிக்கு மேல வெட்டிக்கிட்டு..."

"வெட்டினது நான் இல்லை, அண்ணா. நான் போகக் கூடாதுன்னு இந்த வீட்டுல யாரோ வெட்டினாங்க. அப்படியும் போனேன். ஓடி முடிச்சேன். இனிமே கதவைச் சாத்தறதா இருந்தா சாத்திக்குங்க."

வுசுமுசி திகைத்துப்போனான். அந்தத் துணியைத் தான் தொடக்கூட இல்லை என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி தெரியவில்லை.

உள்ளேயிருந்து மாசோண்டி ஒரு வாளி வெந்நீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மருமகளின் காலடியில் வாளியை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். அங்கி ஓரத்தில் தொங்கிய நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள்.

"மறுபடியும் தடுக்கி விழுந்துடுவியேன்னுதான் வெட்டினேன், மகோட்டி. ஓரம் மடிச்சுத் தச்சிருக்கணும்... எவ்வளவு முயற்சி பண்ணியும் இந்தக் கண்ணுக்கு ஊசியில நூல் ஏறலை."