ஐந்து நிமிட தூரம்

படகை இறக்க மூன்று பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

பேஜர் அலறி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. நின்றபடி துடுப்பு வலிக்கும் மிதவைப் பலகையில் ஒரு பெண்ணும் அவள் மகளும். கரையிலிருந்து வீசும் காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. கடலோரக் காவலர்கள் சொன்னது அவ்வளவுதான்.

மீட்பு நிலைய வாசலிலிருந்து பார்த்தால் அந்தப் பலகை ஒரு மஞ்சள் கோடு. அலை எழும்போது அதுவும் மறைந்தது.

பெட்ராக் ரொட்டிக்கடை வேலையை விட்டு ஓடி வந்தவன்; நாங்கள் எல்லோருமே தன்னார்வலர்கள்தான். நீர்புகா உடையை மாட்டிவிட்டான். விரல்களில் இன்னும் மாவு.

"மோர்வென்னா, ரெண்டு பேரே போயிடலாம். இங்க நின்னு என்னத்தப் பாக்குறோம்?"

படகை ஓட்டுபவள் நான். முடிவும் என்னுடையது. ஒருவர் ஓட்ட வேண்டும். ஒருவர் தண்ணீரில் கிடப்பவரைத் தூக்க வேண்டும். தூக்குபவரையே அலை இழுத்தால் பிடிக்க ஒருவர் வேண்டும். இந்த விதி எப்படி வந்தது என்று பெட்ராக்குக்கு நன்றாகவே தெரியும். கடலில் உயிர்விட்ட அவன் அண்ணன் பெயர் எங்களுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது.

"டென்சில் கிளம்பிட்டானாம். கொஞ்சம் பொறு."

எங்கள் குழுவின் மூன்றாவது ஆளான டென்சில் பதினோரு மைல் வர வேண்டும். அதுவும் சுற்றுலாக் கூட்டம் நெரியும் ஆகஸ்டில். 'வாழவும் உழைக்கவும் உலாவவும் கார்ன்வால்' என்று மாவட்ட நிர்வாகம் மேட்டில் வரவேற்புப் பலகை வைத்திருக்கிறது. அதன் அடியிலிருந்தே கேரவன் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நின்றுகொண்டிருக்கும்.

குழுவில் இருப்பவர் ஐந்து நிமிட தூரத்தில் வசிக்க வேண்டும் என்பதும் விதிதான். ஒரு காலத்தில் அப்படிப் பதினான்கு பேர் இருந்தோம். பிறகு வாடகை வீடுகள் ஒவ்வொன்றாக வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகளாக விற்றுப்போயின. டென்சில் இப்போது அந்தக் கணக்கில் வரமாட்டான். அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

பதினைந்தாவது நிமிடம் தொலைநோக்கியில் பார்த்தேன்.

பலகையின் மேல் ஒருத்திதான் இருந்தாள்.

"இறக்கு" என்றேன்.

கடலுக்குப் போகும் வயதைத் தாண்டிவிட்ட கரைப் பணியாளர் ஓட்ட, டிராக்டர் படகைத் தண்ணீருக்குள் தள்ளியது. இயந்திரம் உறுமியது.

அப்போதுதான் சரிவில் காலடிச் சத்தம். டென்சில்! வேனை நடுவழியில் போட்டுவிட்டு அரை மைல் ஓடி வந்திருக்கிறான். சுவர் பூசும் வேலை உடை, முகமெல்லாம் சுண்ணாம்பு. மிதவைச் சட்டையை மட்டும் பிடுங்கி மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து படகில் ஏறினான்.

மகள் பலகையில் குப்புறப் படுத்திருந்தாள். அம்மா தண்ணீரில் இருந்தாள். பலகையின் கயிற்றைப் பிடித்த விரல்கள் விறைத்துப்போய் விட மறுத்தன.

டென்சில் இடுப்பு வரை வெளியே சாய்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஓர் அலை அவனை அப்படியே சுருட்டியது. பெட்ராக் அவன் இடுப்புவாரைப் பிடித்துவிட்டான். டென்சில் அவளை விடவில்லை.

கரைக்கு வந்தோம். போர்வை, சூடான டீ. இருவருக்கும் பேச்சு வந்ததும் நான் படிவத்தை எடுத்தேன். பெயர், வயது எழுதினேன். இங்கே எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்க பக்கத்துலதான், சேப்பல் ரோ தெரு, நாலாம் நம்பர்" என்றாள் அந்தப் பெண். பல் இன்னும் தந்தியடித்தது. "எங்க சொந்த வீடுதாங்க. ஏப்ரல்ல வாங்கினோம். வருஷத்துக்கு ஆறு வாரம் வருவோம். லண்டனுக்குத் திரும்பவே மனசு வராது, அப்படியொரு ஊருங்க இது!"

என் பேனா நின்றது. பெட்ராக் தலையைக் குனிந்துகொண்டான்.

டென்சில் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"மழை பேஞ்சா பின்கதவு ஊறிப்போய் ஒட்டிக்கும்மா" என்றான். "தோளால இடிக்காதீங்க, சட்டம் பேந்துடும். கைப்பிடியக் கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க. தானா தொறந்துக்கும்."

அவள் விழித்தாள். "ஆமா, ஒட்டுது! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மார்ச் மாசம் வரைக்கும் நாந்தானே தொறந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஈரச் சட்டையோடு வேனைத் தேடி மேட்டில் ஏறினான்.