வாராவாரம் அதே வரி

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆளொழிந்த சித்தூர் சபை அலுவலகத்தில், ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. ஜெபப் பெட்டியில் வருஷம் முழுக்க விழுந்த சீட்டுகளையெல்லாம் செயலாளர் சாந்தகுமார் கணினியில் ஒரே ஃபைலில் அடித்து வைத்திருக்கிறார். நாளை உபவாச ஜெபத்தில் போதகர் அவற்றை வாசிப்பார். கருப்புத் திரையில் sort -u என்ற கட்டளையை அடித்து, என்டரைத் தட்டுகிறார். திரும்பத் திரும்ப வந்த வரிகள் கழிந்து, பட்டியல் பாதியாகச் சுருங்குகிறது. பெட்டியை ஏற்கெனவே திறந்து காலி செய்துவிட்டதால் இந்த வாரச் சீட்டைக் கையிலேயே கொடுக்க வந்த கிருபாவதி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் தேடுகிறாள். ‘ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போன மகன் ஜோஷுவா வீடு வந்து சேர.’ ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

“வாரம் தவறாம எழுதிப் போட்டனே சார்.”

“எல்லாம் அதே வரிதாம்மா. ஒண்ணு இருந்தா போதும். கர்த்தருக்குத் தெரியாதா?”

மின்விசிறி கிறீச்சிடுகிறது. அவள் விரல்கள் பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து மூடுகின்றன. பிறகு அந்தச் சீட்டை எடுத்து நீட்டுகின்றன. அவர் கை நீளவில்லை.

“ஒண்ணு போதும்னா மொத வாரமே வந்திருப்பானே சார். நான் இன்னாத்துக்கு எழுதிக்கினு இருக்கறேன்.”