ஆட்டுத்தலை

அவித்த ஆட்டுத்தலையைத் தட்டோடு கொண்டுவந்து நீதிபதி ஒரின்பாய் முன்னால் வைத்தார்கள். பக்கத்திலேயே கத்தி.

"வெட்டுங்க ஐயா! நீங்க முதல் துண்டு எடுத்தாத்தான் எங்க வயித்துக்கு விடுதலை!"

மண்டபமே சிரித்தது. ஒரின்பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பாராட்டு விழாவென்று ஊரார் போர்த்திய சரிகை அங்கி தோளில் கனத்தது.

கசகஸ்தான் வழக்கப்படி, அப்பன் உயிரோடு இருக்கிற எவனும் ஆட்டுத்தலையில் கத்தி வைக்க மாட்டான். வைத்தால், அப்பன் போய்விட்டான் என்று சபையறியச் சொன்ன மாதிரி.

இவர் அப்பா இருக்கிறார். நகரத்து முதியோர் இல்லத்தில். மாற்றலாகி வந்த ஊர் இது. பெரியவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று ஊர் தானாக நினைத்துக்கொண்டது. இவரும் திருத்தவில்லை.

"என்ன யோசனை? வெட்டுங்க," மனைவி ரைகான் காதைக் கடித்தாள். "யாருக்குத் தெரியப்போவுது?"

ஒருத்தனுக்குத் தெரியும். எதிர்வரிசையில் இருந்த சாகென். அந்த இல்லத்துக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். வந்ததிலிருந்து வைத்த கண் வாங்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்க மாட்டானா பின்னே? அப்பனை வீட்டை விட்டுத் துரத்தினான் என்று அவன்மேல் வழக்கு வந்தபோது, "பெத்தவரை வெளியே தள்ளுறவன் மனுஷனாடா?" என்று நிறைந்த கோர்ட்டில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டவர் இவர்தான்.

ஊர்த் தலைவர் மைக்கில் முழங்கினார்: "எத்தனை அப்பாக்களை வீடு சேர்த்த புண்ணியவான் நம்ம ஐயா!"

கைதட்டல் காதை அடைத்தது.

"கத்தி மொட்டையா ஐயா? வேற கொண்டாரவா?" பின்வரிசையில் யாரோ சீண்டினார்கள்.

ஒரின்பாய் கத்தியை எடுத்தார். முனை ஆட்டின் காதருகே போனது.

சாகென் எழுந்தான்.

தொலைந்தது மானம் என்று நினைத்தார் ஒரின்பாய். ஆனால் அவன் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான்.

"சனியன் போறான்," ரைகான் மூச்சு விட்டாள். "சட்டுனு வெட்டுங்க."

ஒரின்பாய் அவன் முதுகையே பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் வெட்டக்கூடாது. எங்கப்பா இருக்கார். முதியோர் இல்லத்துல விட்டு வெச்சிருக்கேன்."

தட்டிய கைகள் எல்லாம் மடியில் கிடந்தன.

வாசல்வரை போன சாகென் திரும்பி வந்தான். ஏசப்போகிறான் என்று ஒரின்பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் குனிந்து சொன்னான்:

"தலை ஆறிடப்போவுது ஐயா, வெளியே வந்து உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க. மகனுக்கு மரியாதை பண்றாங்கன்னு கேட்டதும் பிடிவாதமா என் வண்டியில ஏறி உக்காந்துட்டார். நீங்க கத்தி வைக்கப்போனதை அவர் பாத்துடக்கூடாதேன்னு, அவரை உள்ளே விடாம அப்படியே திருப்பிக் கொண்டு போயிடலாம்னுதான் எழுந்து போனேன்."