மூன்றாவது பறை

இரண்டாவது பறையும் கிழிந்து கிடந்தது.

ஆண்டு விழாவுக்கு இன்னும் நான்கே நாள். ராஜாம்பாள் டீச்சர் அலமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். போன வாரம் போலவேதான். பூட்டு உடையவில்லை. கம்பி போன ஜன்னல் வழியாக எவனோ உள்ளே இறங்கியிருக்கிறான்.

தலைமையாசிரியர் தெய்வசிகாமணி பறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பதனமா கீச்சிக்கிறான் பாருங்க. மர வளையத்துல ஒரு கீறல் இல்ல. தோல மட்டும் பாத்து அறுத்துக்கிறான்."

"யாருன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

அவர் கண் ஜன்னலுக்குப் போனது.

ஒத்திகை தொடங்கியதிலிருந்து அந்த ஜன்னலுக்கு வெளியேதான் சின்னராசு வந்து நிற்கிறார். ஊரில் பாதிக் கரும்பு அவருடையது. சாயங்காலமானால் புல்லட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, காசிநாதனின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது பிச்சமுத்து புள்ளதான?"

காசிநாதன் ஐந்தாம் வகுப்பு. காலனிப் பையன். சாவுக்கும் சாமிக்கும் ஊருக்கு மேளம் அடிக்கிற பிச்சைமுத்துவின் ஒரே மகன்.

ராஜாம்பாள் அறிவொளிக் கலைக்குழுவில் பறை கற்றவள். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தாள். காசிநாதன் குச்சியை எடுத்துவிட்டால் மற்றப் பிள்ளைகளின் கால் தரையில் நிற்காது. விழாவில் பத்துப் பிள்ளைகள் ஆட, அவன் ஒருவன் அடிப்பதாக ஏற்பாடு. முதல் பறை கிழிந்த அன்று அவன் அழக்கூட இல்லை. பெஞ்சிலேயே விரலால் தட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

"வேணாம் டீச்சர்," என்றார் தெய்வசிகாமணி. "டேப்ரிக்கார்டர்ல ஒரு பாட்டப் போட்டு ஆட வுட்டுடலாம். நீங்க நாளைக்கே மாத்தலாகிப் போயிடுவீங்க. அந்தப் பையன் இங்கியேதான இருக்கணும்?"

அன்று மதியமே ராஜாம்பாள் காலனிக்குப் போனாள். பிச்சைமுத்து வாசலில் குந்திக்கொண்டு கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இருமல் அவரை விட்டு விட்டு உலுக்கியது. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ரெண்டாவது பறையையும் கிழிச்சிட்டாங்க. சின்னராசு உங்கள ஏதாவது மிரட்டினாரா?"

"அவரு இன்னாத்துக்குங்க எங்கள மெரட்டப் போறாரு." தலை நிமிரவில்லை.

பயம் என்று நினைத்தாள் ராஜாம்பாள். "நீங்க பயப்படாதீங்க. நான் இருக்கேன். உங்க பையன மேடையேத்தாம விடமாட்டேன்."

கத்தியின் விளிம்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார் பிச்சைமுத்து. "கணக்கு எப்பிடிங்க போடறான்?"

"அதெல்லாம் விழா முடிஞ்சு பாத்துக்கலாம்ங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வேறு பறை கொண்டு வரும்படி கலைக்குழு நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். விழாவுக்கு முந்தின நாள் கடைசிப் பஸ்சும் கச்சிராயபாளையத்திலிருந்து வந்து போனது. யாரும் இறங்கவில்லை.

விழா நாள் பிற்பகல். பள்ளிக்கூடத்து மைதானம் நிறைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் முன்னால் நாற்காலியில், காலனிக்காரர்கள் பின்னால் வேலியோரம். கால்சலங்கை கட்டிய பத்துப் பிள்ளைகள் மேடையில் நிற்க, காசிநாதன் வெறுங்கையோடு நின்றான். டேப்ரிக்கார்டரின் வயரைச் சொருகப் போனார் தெய்வசிகாமணி.

புல்லட் சத்தம் கேட்டது. கூட்டம் தானாக விலகி வழி விட்டது.

சின்னராசு நேராக மேடையை நோக்கி நடந்து வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள். ஒருவன் தோளில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. ராஜாம்பாள் பையனை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பையன இப்பிடி வுடுங்க டீச்சர்."

"மாட்டேன். என்ன செய்யறதா இருந்தாலும் என்னைச் செய்யுங்க."

சின்னராசு சிரித்தார். தாடையால் சைகை காட்டினார். ஆள் சாக்கைப் பிரித்தான். புத்தம் புதுப் பறை. தீயில் காட்டிச் சூடேற்றிய வாசனை இன்னும் அடித்தது.

"மூங்கில்துறப்பட்டுல சொல்லி செஞ்சி எடுத்தாந்தேன். இத எவன் கீச்சறான்னு பாக்கறேன்." ஆள் அதைப் பையனின் தோளில் மாட்டிவிட்டான். "நல்லா பழக்கி வுடுங்க டீச்சர். இவங்கப்பனுக்கு மூச்சு ஜாஸ்தியா வாங்குது. நாளைக்கி ஊர்ல ஒரு எழவு வுழுந்தா அடிக்க ஆளு வேணும்ல? நானும் டெய்லி வந்து பாத்துக்கினுதான் இருக்கறேன். கை சும்மா பேசுது."

முன்வரிசையில் தலைகள் ஆமாம் என்று ஆடின. யாரோ கைதட்டினார்கள்.

காசிநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குச்சியை வாங்கி ஒரு தட்டுத் தட்டினான். மைதானம் அதிர்ந்தது. பத்து ஜோடிக் கால்கள் ஒன்றாக எழும்பின.

ராஜாம்பாள் மட்டும் மேடையை விட்டுக் கீழே இறங்கினாள்.

வேலியோரத்திலிருந்து பிச்சைமுத்து மெல்ல நடந்து வந்தார். மேடைக்குக் கீழே அவளருகில் நின்றார். இடுப்பில் கரும்புக் கத்தி. மகனின் தோளில் தொங்கிய பறையை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

"மொத ரெண்டயும் கீச்சது நான்தாங்க டீச்சர்."